தமிழகக் கிறிஸ்தவக் கல்லூரிகளில் எச்.ஆர். முதுகலை: எங்கே பலம், எங்கே ஓட்டை

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தொழிற்சாலைப் பக்கம் வேலைக்குப் போக நினைப்பவருக்குத் தமிழகத்தின் பழைய கிறிஸ்தவக் கலைக் கல்லூரிகளில் மனிதவள மேலாண்மை முதுகலை படிப்பது நல்ல தேர்வு. ஐ.டி. கம்பெனியில் ஆள் எடுக்கும் வேலை மட்டும் போதும் என்பவருக்கு அங்கே கிடைப்பதில் பாதி பயன்படாது. இடையில் நிற்பவர்கள் கல்லூரியின் பெயரைப் பார்த்துச் சேராமல், களப்பணியும் தொழிலாளர் சட்டமும் அங்கே எப்படி நடக்கின்றன என்று பார்த்துவிட்டுச் சேர வேண்டும். இந்த இரண்டும் சரியாக இருந்தால் மற்றக் குறைகளைப் படிக்கும்போதே ஈடுகட்டிக்கொள்ளலாம். இவை சரியில்லை என்றால் நூறு ஆண்டுப் பாரம்பரியம் இருந்தும் பயனில்லை.

'எச்.ஆர். படிப்பு' என்ற ஒரே பேச்சுக்குள் நான்கு வெவ்வேறு படிப்புகள் இருக்கின்றன. எம்.ஏ. மனிதவள மேலாண்மை முதல் செமஸ்டரிலிருந்தே எச்.ஆர். தாள்களைத் தொடங்கிவிடும். எம்.எஸ்.டபிள்யூ. சமூகப்பணிப் படிப்பு; பெரும்பாலான இடங்களில் முதல் ஆண்டு கேஸ் ஒர்க் (தனிநபரோடு செய்யும் பணி), குரூப் ஒர்க் (குழுவோடு செய்யும் பணி), சமுதாய அமைப்பு என்று எல்லோருக்கும் பொதுவாகப் போகும், எச்.ஆர். சிறப்புப் பிரிவு இரண்டாம் ஆண்டில்தான் வரும். எம்.பி.ஏ.வில் நிதியும் மார்க்கெட்டிங்கும் முடித்த பிறகு எச்.ஆர். விருப்பப்பாடமாகச் சில தாள்கள். நான்காவது, ஜாம்ஷெட்பூரில் இயேசு சபையினர் 1949இல் தொடங்கிய எக்ஸ்.எல்.ஆர்.ஐ. போன்ற இடங்களின் இரண்டு ஆண்டு டிப்ளமோ. அதற்கு எக்ஸாட் தேர்வு, பல லட்சம் கட்டணம், தேசிய அளவில் போட்டி. அந்தக் கணக்கே வேறு. இங்கே நாங்கள் மதிப்பிடுவது முதல் இரண்டையும். இவற்றுக்கு, எம்.பி.ஏ. சேர்க்கைக்கு எழுதும் டான்செட் தேர்வு தேவையில்லை. கல்லூரியே நுழைவுத் தேர்வோ நேர்காணலோ வைத்துச் சேர்க்கிறது.

களப்பணிதான் இந்தப் படிப்பின் உயிர். சமூகப்பணித் துறையிலிருந்து வந்த பழக்கம் என்பதால் கிறிஸ்தவக் கல்லூரிகள் பலவற்றில் இது இன்னும் ஒழுங்காக நடக்கிறது. வழக்கமான அமைப்பு இதுதான்: வாரத்தில் 3 அல்லது 4 நாள் வகுப்பு, 2 நாள் நிறுவனம். செமஸ்டர் முழுக்க ஒரே நிறுவனம். ஒவ்வொரு நாளுக்கும் அறிக்கை எழுதி, வாரம் ஒருமுறை துறை ஆசிரியரிடம் தனியாக உட்கார்ந்து பேச வேண்டும். இதற்கு மேல் கடைசி ஆண்டில் ஏறத்தாழ ஒரு மாதம் தொடர்ச்சியாக ஒரே ஆலையில் 'பிளாக் பிளேஸ்மென்ட்'. எம்.எஸ்.டபிள்யூ. என்றால் கிராம முகாமும் உண்டு. எம்.பி.ஏ.வில் கோடை விடுமுறையில் ஆறு அல்லது எட்டு வாரம் போய்வரும் இன்டர்ன்ஷிப்புக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஒரே ஆலைக்குள் செமஸ்டர் முழுக்க போய்வரும் மாணவருக்குச் சம்பள நாளும் தெரியும், ஷிப்ட் மாற்றமும் தெரியும், தீபாவளி போனஸ் பேச்சுவார்த்தையும் தெரியும். சில வாரம் மட்டும் போகிறவர் பார்ப்பது நிறுவனத்தின் முன்வாசலை மட்டும்.

இடமும் இதில் உதவுகிறது. தாம்பரத்தில் இருக்கும் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலிருந்து மறைமலை நகர் புறநகர் ரயில் தூரம்தான். ஒரகடமும் ஸ்ரீபெரும்புதூரும் எட்டாத தூரத்தில் இல்லை. நுங்கம்பாக்கம் லயோலாவிலிருந்து அம்பத்தூர் தொழிற்பேட்டை பக்கம். திருச்சியில் படித்தால் பெல் (BHEL) ஆலையும் அதைச் சுற்றி வளர்ந்த ஃபேப்ரிகேஷன் பட்டறைகளும் இருக்கின்றன. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது வளாகத்தின் அழகைப் பார்ப்பவர்கள் அதிகம். இந்தப் படிப்புக்கு வளாகத்தைவிட அதைச் சுற்றி எத்தனை ஆலைகள் மாணவர்களை உள்ளே விடுகின்றன என்பது முக்கியம்.

களப்பணி கெட்டுப்போகும் வழிகளும் எல்லா இடத்திலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. மாணவரை எச்.ஆர். அறையின் மூலையில் உட்காரவைத்துப் பழைய கோப்புகளை அடுக்கச் சொல்வது முதல் வகை. அட்டெண்டன்ஸ் எக்செல் ஷீட்டில் எண்களை நகலெடுக்கும் ஆளாக்கிவிடுவது இரண்டாம் வகை. இரண்டுக்கும் காரணம் ஒன்றே: கல்லூரி நிறுவனத்துக்கு அனுப்பும் கடிதத்தில் மாணவர் என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்று எழுதாமல், 'பயிற்சிக்கு அனுமதியுங்கள்' என்று மட்டும் எழுதுவது. நல்ல துறைகள் செமஸ்டருக்கு ஒரு பணிப்பட்டியல் கொடுத்தனுப்புகின்றன. ஸ்டாண்டிங் ஆர்டரை (ஆலையின் வேலை, ஒழுங்கு விதிகள்) படித்து அந்த ஆலையில் தவறான நடத்தை என்று வரையறுத்திருப்பவற்றை எடுத்தெழுது, ஒப்பந்தத் தொழிலாளர் பதிவேட்டையும் கேட் பாஸையும் ஒப்பிடு, கேண்டீன் குழுக் கூட்டத்தில் உட்கார், ஊழியரிடம் விளக்கம் கேட்கும் ஷோ காஸ் நோட்டீஸ் ஒன்றை வரைந்து காட்டு, முடிந்தால் உள்விசாரணை ஒன்றைப் பார். இப்படி ஒரு பட்டியல் துறையில் இருக்கிறதா என்று கேட்டாலே பாதி உண்மை தெரிந்துவிடும்.

அறிக்கை எழுதுவதிலும் ஒரு சிக்கல். 'இன்று நிறுவனத்துக்குச் சென்றேன், மேலாளர் விளக்கினார், பயனுள்ளதாக இருந்தது' என்று இருபது நாளும் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடலாம். திருத்தும் ஆசிரியர் கண்டிப்பானவராக இருந்தால், பார்த்தது என்ன, சட்டம் என்ன சொல்கிறது, இரண்டுக்கும் இடைவெளி எங்கே என்று மூன்றாகப் பிரித்து எழுதவைப்பார். ஒரு உதாரணம்: 1948 தொழிற்சாலைகள் சட்டப்படி 250 பேருக்கு மேல் வேலை செய்தால் கேண்டீன் அமைக்கச் சொல்ல முடிந்தது, அதன் இடத்தில் வந்த 2020 பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் அந்த எண் 100. ஆலையில் 180 பேர் இருந்து கேண்டீன் இல்லை என்றால், அது பழைய சட்டப்படி குறையா, புதியதன்படி குறையா என்று எழுத மாணவருக்குத் தெரிய வேண்டும். முந்தைய ஆண்டு மாணவர்களின் களப்பணி அறிக்கை ஒன்றைச் சேரும் முன்பே கேட்டுப் புரட்டிப் பார்ப்பது நல்லது. சிவப்பு மையே இல்லாத அறிக்கை என்றால் யோசியுங்கள்.

அடுத்தது சட்டம். இந்த நேரத்தில் சேர்பவர்கள் மிகவும் கவனிக்க வேண்டிய இடம் இது. 29 மத்தியச் சட்டங்களை உள்வாங்கிய நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன: 2019 ஊதியத் தொகுப்பும், 2020இன் தொழில் உறவுகள், சமூகப் பாதுகாப்பு, பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புகளும். கல்லூரி சிலபஸ்கள் பாடத்திட்டக் குழு கூடித்தான் மாறும். தன்னாட்சிக் கல்லூரிக்கு அந்த அதிகாரம் தன் கையிலேயே இருப்பதால் ஒரு செமஸ்டரில் மாற்றிவிட முடியும். இணைப்புக் கல்லூரி பல்கலைக்கழகத்துக்காகக் காத்திருக்க வேண்டும். பழைய கிறிஸ்தவக் கல்லூரிகளில் பல தன்னாட்சி பெற்றவை என்பது இங்கே உண்மையான சாதகம். ஆனால் அந்தச் சாதகத்தைப் பயன்படுத்தியிருக்கிறார்களா என்பதை சிலபஸ் பிரதியைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். சட்டத் தாளில் இன்னும் 1947 தொழிற்தகராறு சட்டம், 1936 ஊதியம் வழங்கல் சட்டம் என்று மட்டும் இருந்தால் அது போதாது. அதே சமயம் பழையதை முழுக்கத் தூக்கி எறிந்த சிலபஸும் சரியல்ல. நிலுவையில் உள்ள வழக்குகளும் இத்தனை ஆண்டுத் தீர்ப்புகளும் பழைய பிரிவு எண்களில்தான் இருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கமாக வைத்து நடத்துகிற ஆசிரியர் கிடைத்தால் கொடுத்துவைத்தவர்கள்.

சட்ட வகுப்பின் தரத்தை அளக்க ஒரு கணக்கு போதும். மாதம் 30,000 ரூபாய் வாங்கும் ஊழியர்: அடிப்படை 10,000, வீட்டு வாடகைப் படி 8,000, போக்குவரத்துப் படி 5,000, கமிஷன் 7,000. ஊதியத்தில் சேராத இனங்கள் மொத்தம் 20,000. புதிய வரையறைப்படி இவை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை ஊதியத்தோடு சேரும். பாதி 15,000, தாண்டியது 5,000. ஆகவே ஊதியம் 15,000. இவர் 6 ஆண்டு முடித்து விலகினால் பணிக்கொடை (கிராஜுவிட்டி), மாதத்துக்கு 26 வேலை நாள் என்று வைத்து ஆண்டுக்கு 15 நாள் ஊதியம் என்ற கணக்கில், 15,000 × 15/26 × 6, அதாவது 51,923 ரூபாய். அடிப்படைச் சம்பளத்தை மட்டும் எடுத்துப் போட்டால் 34,615 ரூபாய்தான் வரும். ஒரே ஊழியருக்கு 17,000 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். நூறு பேர் உள்ள ஆலையில் இதன் பொருள் என்ன என்று வகுப்பில் விவாதிக்கிறார்களா, அல்லது 'பணிக்கொடை: வரையறை, தகுதி, கணக்கீடு' என்று குறிப்பு கொடுத்துவிட்டு நகர்கிறார்களா? இரண்டாவது வகைதான் அதிகம். பத்து மதிப்பெண் கேள்விக்கு அது போதும், ஆலைக்குப் போதாது.

தமிழகச் சட்டங்கள் விஷயத்தில் இங்குள்ள கலைக் கல்லூரிகளை மனமாரப் பாராட்டலாம். அகில இந்தியப் பாடநூல்களில் இவற்றுக்கு இடமே இருக்காது. 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவரை நிரந்தரமாக்கச் சொல்லும் 1981 சட்டம், இடைநீக்கத்தில் இருப்பவருக்கு முதல் 90 நாள் பாதிச் சம்பளமும் அடுத்த 90 நாள் முக்கால் சம்பளமும் அதற்கு மேல் முழுச் சம்பளமும் தரச் சொல்லும் பிழைப்பூதியச் சட்டம், 1958 தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம், கடைகளில் நிற்கும் ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்று 2021இல் திருத்தப்பட்ட கடைகள் நிறுவனங்கள் சட்டம். ஓசூரிலோ திருப்பூரிலோ வேலைக்குச் சேரும் முதல் மாதமே இவை தேவைப்படும். 480 நாள் கணக்கு தெரியாத எச்.ஆர். அதிகாரி ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொண்டே போய், ஒருநாள் தொழிலாளர் துறை ஆய்வாளர் முன்னால் பதில் இல்லாமல் நிற்பார்.

தொழில் உறவுகள் தாளில் இன்னும் ஒன்று எதிர்பார்க்கலாம். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமாகச் சொல்லப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918இல் பின்னி மில் தொழிலாளர்களிடையே பிறந்தது. 2024இல் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் ஒரு மாதத்துக்கு மேல் நடந்த வேலைநிறுத்தத்தின் மையக் கேள்வி, சங்கத்தைப் பதிவு செய்வதுதான். நூறு ஆண்டு இடைவெளியில், நாற்பது ஐம்பது கிலோமீட்டர் தூரத்துக்குள் நடந்தவை. இவ்வளவு அருகில் இவ்வளவு பாடம் இருக்கும்போது, அமெரிக்க ஆலை ஒன்றில் நடந்த பழைய ஹாதோர்ன் ஆய்வையே மூன்று தாளில் மூன்று முறை நடத்தும் துறைகள் மாணவர்களுக்கு நியாயம் செய்வதில்லை. புதிய தொகுப்பில் 14 நாள் முன்னறிவிப்பு எல்லா ஆலைக்கும் பொருந்தும், பாதிப் பேரோ அதற்கு மேலோ ஒன்றாகத் தற்செயல் விடுப்பு எடுத்தாலும் வேலைநிறுத்தம்தான், 51 சதவீத ஆதரவுள்ள சங்கமே பேச்சுவார்த்தைச் சங்கம் என்பவையெல்லாம் விவாதத்துக்காகவே எழுதப்பட்டவை போல இருக்கின்றன. தொழிற்சங்கத் தலைவர் ஒருவரையும் தொழிலாளர் துறை அதிகாரி ஒருவரையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது வகுப்புக்கு அழைக்கிறார்களா என்று கேளுங்கள். கம்பெனி எச்.ஆர். தலைவர்களை மட்டுமே அழைக்கும் துறை ஒரு பக்கத்தைத்தான் காட்டுகிறது.

சம்பளக் கணக்கில் இந்தப் படிப்பு பலவீனம். பி.எஃப்.பில் ஊழியர் 12 சதவீதம், நிறுவனம் 12 சதவீதம் என்பது எல்லோருக்கும் தெரியும். நிறுவனத்தின் 12இல் 8.33 ஓய்வூதிய நிதிக்குப் போகும், அதற்கான சம்பள உச்சவரம்பு 15,000 என்பதால் அது 1,250 ரூபாயைத் தாண்டாது, மீதிதான் பி.எஃப். கணக்கில் விழும் என்பது பலருக்கு வேலையில் சேர்ந்த பிறகே தெரிகிறது. இ.எஸ்.ஐ.யில் ஊழியர் பங்கு 0.75, நிறுவனப் பங்கு 3.25 சதவீதம், மாதச் சம்பள வரம்பு 21,000 ரூபாய். ஜூலையில் இன்கிரிமென்ட் வந்து ஒருவர் 21,000ஐத் தாண்டினால் புதிதாய் வந்த எச்.ஆர். உடனே பிடித்தத்தை நிறுத்திவிடுவார். அது தவறு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான பங்களிப்புக் காலம் முடியும் வரை, உயர்ந்த சம்பளத்துக்கே, பிடிக்க வேண்டும். மாதத் தொகையைக் கட்டக் கடைசி நாள் அடுத்த மாதம் 15. இதையெல்லாம் சாக்பீஸில் நடத்த முடியாது. ஐம்பது கற்பனை ஊழியர்களைக் கொண்ட எக்செல் கோப்பைக் கொடுத்து ஆறு மாதச் சம்பளம் போடச் சொல்ல வேண்டும். அப்படி ஒரு ஆய்வகப் பயிற்சி கல்லூரியில் இல்லை என்றால், முதல் செமஸ்டர் விடுமுறையிலேயே நிறுவனங்களுக்குச் சம்பளக் கணக்கு போட்டுத்தரும் ஏதாவது பேரோல் சேவை அலுவலகத்தில் ஒரு மாதம் உட்கார்ந்துவிடுவது நல்லது.

கிறிஸ்தவக் கல்லூரி என்பதால் வரும் கேள்விகளுக்கு வருவோம். பெற்றோர்கள் அதிகம் கேட்பது மதம் பற்றி. காலை வழிபாடு, கிறிஸ்துமஸ் கொண்டாட்டம், கல்லூரி நாளில் ஜெபம் எல்லாம் இருக்கும். கத்தோலிக்கக் கல்லூரிகளில் கிறிஸ்தவ மாணவர்களுக்கு மறைக்கல்வியும் மற்றவர்களுக்கு நெறிக்கல்வியும் தனித்தனியாக நடப்பது வழக்கம். அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் எந்த நிறுவனமும் ஒருவரை அவர் சம்மதமின்றி வழிபாட்டிலோ மத போதனையிலோ கலந்துகொள்ள வைக்க முடியாது என்று அரசியல் சட்டத்தின் 28(3) சொல்கிறது. சேர்க்கையில் சிறுபான்மை நிறுவனம் என்ற முறையில் கிறிஸ்தவ மாணவர்களுக்கென ஒரு பங்கு இடம் இருக்கும். அதில் விண்ணப்பிப்பவர்கள் ஞானஸ்நானச் சான்றும் பங்குத்தந்தை அல்லது ஆயர் கடிதமும் கேட்கப்படலாம் என்று எதிர்பார்த்து முன்பே வாங்கிவைக்கவும்.

இதைவிட ஆழமான ஒரு தொடர்பு இருக்கிறது. 1891இல் போப் பதின்மூன்றாம் லியோ தொழிலாளர் நிலை குறித்து எழுதிய சுற்றுமடல், நியாயமான கூலியையும் சங்கம் சேரும் உரிமையையும் பேசியது. இந்தியாவில் இயேசு சபையினர் தொழில் உறவுக் கல்வியில் இறங்கியதற்கு அந்தச் சிந்தனை ஒரு காரணம். நல்ல துறைகளில் இதன் சாயல் இன்றும் வகுப்பில் தெரிகிறது: ஒப்பந்தத் தொழிலாளரைச் செலவு இனமாக மட்டும் பார்க்கக்கூடாது என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆலையில் அது உடனே கைகொடுக்காது. ஒரு விபத்துக்குப் பிறகு குடும்பத்தோடு யார் பேசப் போவது என்ற நேரத்தில், அப்படிப் படித்தவர்தான் முன்னால் போகிறார்.

ஒழுங்கு கடுமைதான். 75 சதவீத வருகை, அடையாள அட்டை, சில இடங்களில் உடைக் கட்டுப்பாடு, விடுதியில் நேரக் கட்டுப்பாடு. களப்பணி நாள்களில் மாலை ஷிப்ட் பார்க்க விரும்பும் மாணவிகளுக்கு விடுதி நேரம் இடிக்கும். இதற்கு முன்கூட்டியே துறைத் தலைவரிடமிருந்து கடிதம் வாங்கும் நடைமுறை இருக்கிறதா என்று கேட்க வேண்டும். கட்டணத்தைப் பொறுத்தவரை, எச்.ஆர். முதுகலை பெரும்பாலும் சுயநிதிப் பிரிவில்தான் இருக்கிறது. அதே வளாகத்தில் அரசு உதவி பெறும் எம்.ஏ. பொருளாதாரம் படிப்பவரின் கட்டணத்தை வைத்துக் கணக்குப் போட்டு ஏமாற வேண்டாம். டியூஷன் கட்டணத்துக்கு மேல் களப்பணிக் கட்டணம், தொழிற்சாலைச் சுற்றுலா, தேர்வுக் கட்டணம், ப்ராஜெக்ட் பைண்டிங், வாரம் இரண்டு நாள் பயணச் செலவு எல்லாம் சேரும்.

கடைசி செமஸ்டர் ஆய்வேடு சலிப்பூட்டும் இடம். 'ஊழியர் திருப்தி பற்றி ஓர் ஆய்வு', 60 பேரிடம் ஐந்து புள்ளி வினாத்தாள், சதவீத அட்டவணை, கை-வர்க்க (chi-square) புள்ளியியல் சோதனை. பல துறைகளில் பத்து ஆண்டாக இதே தலைப்பு. ஆலை நிர்வாகம் வினாத்தாளைத் தன் கையால் வாங்கிக் கொடுத்தால் எந்தத் தொழிலாளியும் உண்மை எழுத மாட்டார் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. வராதிருத்தல் பதிவேடு, விபத்துப் பதிவேடு, ஓவர்டைம் பதிவேடு போன்ற ஏற்கெனவே இருக்கும் ஆவணங்களை வைத்துச் செய்யும் ஆய்வு இதைவிடப் பலமடங்கு மதிப்புள்ளது. நேர்காணலில் அதைப் பற்றிப் பத்து நிமிடம் பேச முடியும்.

வேலை வாய்ப்பில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். தொழிற்சாலைகள் சட்டத்தின் 49ஆம் பிரிவு 500 தொழிலாளர் உள்ள ஆலைக்கு நல அலுவலரைக் கட்டாயமாக்கியது. புதிய தொகுப்பில் அந்த எண் 250. அதாவது இந்தப் பணியிடங்களுக்கான தேவை கூடும். நல அலுவலராக, மாநில அரசு அங்கீகரித்த படிப்பு முடித்திருக்க வேண்டும். பட்டத்தின் பெயரில் 'மனிதவளம்' என்ற சொல் இருப்பது மட்டும் தகுதி ஆகாது. 'எங்கள் படிப்பு செல்லும்' என்று வாய்மொழியாகச் சொன்னால் ஏற்காதீர்கள். அங்கீகார ஆணையின் நகலைக் கேளுங்கள். பேராசிரியர் வேலை நினைப்பவர்களுக்கு யு.ஜி.சி. நெட் தேர்வில் 55ஆம் எண் பாடம் இதற்கானது, எம்.எஸ்.டபிள்யூ. படித்தவர்களுக்குச் சமூகப்பணி என்ற 10ஆம் எண் பாடமும் திறந்திருக்கிறது.

பிளேஸ்மென்ட் பட்டியலைப் படிக்கும்போது நிறுவனத்தின் பெயரைவிடப் பதவியின் பெயரைப் பாருங்கள். 'எச்.ஆர். ரெக்ரூட்டர்' என்று வரிசையாக இருந்தால் அவை பெரும்பாலும் ஆள்பிடிக்கும் ஏஜென்சி வேலைகள். அவற்றுக்கு எந்த இளங்கலையும் போதும். 'ட்ரெய்னி – ஐ.ஆர்.' (தொழில் உறவுகள்), 'ஜூனியர் ஆபீசர் – பிளான்ட் எச்.ஆர்.' என்று நான்கைந்தாவது இருந்தால் அந்தத் துறையின் களப்பணி வேலை செய்கிறது என்று அர்த்தம். களப்பணிக்குப் போன ஆலையே மாணவரை எடுத்துக்கொள்வதுதான் இந்தப் படிப்பில் கிடைக்கும் உறுதியான வழி.

நேர்காணலில் குழு விவாதமும் தனிக் கேள்விகளும் இருக்கும். 'மக்களோடு பழகப் பிடிக்கும்' என்ற பதிலைக் கேட்டுக் கேட்டு ஆசிரியர்களுக்கு அலுத்துவிட்டது. உங்கள் ஊரில் எந்தத் தொழில், அங்கே கூலி எப்படிக் கொடுக்கப்படுகிறது, நாள் கூலியா பீஸ் ரேட்டா, பி.எஃப். பிடிக்கிறார்களா என்று பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லுங்கள். சிவகாசிக்காரரும் ஆம்பூர்க்காரரும் இதில் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. நேர்காணல் முடிந்து வெளியே வரும்போது இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரைப் பிடித்து, போன செமஸ்டர் களப்பணியில் எந்த ஆலை, யார் வழிகாட்டி, எத்தனை முறை துறை ஆசிரியர் அங்கே நேரில் வந்தார் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு 'வரவே இல்லை' என்று பதில் வந்தால், அடுத்த கல்லூரியின் விண்ணப்பத்தையும் அன்றே நிரப்பி வையுங்கள்.